தங்கைக்கு இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ எழுதியிருக்கிறார்கள். படம் தெளிவாக வர நாம் என்ன செய்ய வேண்டும்?

ஈரோட்டு அக்கா

வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 23, கல்யாணம் ஆகவில்லை. வயதுக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு மாதவிடாய் வலி உண்டு. கல்லூரிக்குப் போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் இரண்டு நாள் எழுந்து நிற்க முடியாது, வாந்தி வரும். அதையும் தாண்டி என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே கத்தியால் கீறுவது போல இருக்கிறது என்கிறாள். மற்ற நாட்களில் அந்த வலி இல்லை. அம்மாவிடம் சொன்னால், "எங்களுக்கெல்லாம் வலிக்காமலா இருந்துச்சு, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்கிறார்.

ஸ்கேன் எடுக்காமல் இல்லை. வேறு வேறு இடங்களில் எடுத்துவிட்டோம். எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க" என்று உட்கார வைப்பார்கள். அவள் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே போனால் வயிற்றின் மேல் ஜெல், இரண்டு மூன்று இடத்தில் அழுத்தல், அவ்வளவுதான். "கல்யாணம் ஆகலைல்ல, அப்போ மேலாக மட்டும்தான் பார்க்க முடியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கருப்பை நார்மல், சினைப்பைகள் நார்மல் என்று ரிப்போர்ட் வரும். ஒவ்வொரு நார்மலுக்கும் பிறகு வீட்டில் அவள் வலியை நம்புகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது பார்க்கிற மகப்பேறு மருத்துவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டில் "எம்ஆர்ஐ பெல்விஸ்" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு சென்டருக்குப் போன் போட்டேன். ஒன்றில் மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லா, இன்னொன்றில் 3 டெஸ்லா, கட்டணமும் கூடுதல். ஒருவர் "சாப்பிட்டுட்டே வாங்க, ஒண்ணும் வேண்டாம்" என்கிறார். மற்றவர் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்.

எது சரி? 3 டெஸ்லா என்றால் நிஜமாகவே நன்றாகத் தெரியுமா? என்ன நோய் என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம், அது டாக்டரின் வேலை. காசையும் ஒரு நாள் லீவையும் செலவழித்து எடுக்கப்போகிறோம், படமாவது ஒழுங்காக வர வேண்டும். அதற்கு எங்கள் பக்கம் என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தோழி, உங்கள் தங்கை இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். எனக்கு முதலில் எடுத்த எம்ஆர்ஐ-யைப் பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர், குடல் அசைந்ததில் பின்பக்கம் முழுவதும் கலங்கியிருக்கிறது, இதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி வேறு இடத்தில் எடுத்தேன். அங்கே படுக்க வைத்த பிறகு கையில் ஒரு ஊசி போட்டார்கள். வாய் உலர்ந்தது, வேறு தொந்தரவு இல்லை. அந்தப் படத்தில்தான் மலக்குடல் கருப்பையோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "எண்டோமெட்ரியோசிஸுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் குடல் அசையாமல் இருக்க ஊசி போடுவீங்களா?" என்ன கேட்கிறீர்கள் என்றே அவர்களுக்குப் புரியாவிட்டால் வேறு இடம் பாருங்கள். ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள், அதை மறக்காதீர்கள். தங்கையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அவள் வலி பொய்யில்லை.

காந்த அறை

நான் எம்ஆர்ஐ ரேடியோகிராபர். படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டரின் வேலை. அதனால் எடுக்கிற பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்மா, பொறுமையாக வாசியுங்கள்.

டெஸ்லா கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 3 டெஸ்லாவில் சிக்னல் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இந்த நோயைத் தேட 1.5 டெஸ்லாவே போதும். ஐரோப்பாவின் யூரோஜெனிட்டல் ரேடியாலஜி சங்கம் எண்டோமெட்ரியோசிஸ் எம்ஆர்ஐ-க்காக 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. 3 டெஸ்லாவில் நல்லது மட்டும் கூடுவதில்லை. குடலில் இருக்கும் காற்றும் உடம்பில் இருக்கும் உலோகமும் படத்தில் செய்கிற கோளாறும் சேர்ந்தே கூடும். என் சொந்தத் தங்கைக்கு என்றால், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் 3 டெஸ்லாவில் எடுப்பதைவிட, ஒழுங்காகத் தயார் செய்து 1.5-ல் எடுக்கும் இடத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

எனக்கு உங்கள் பதிவில் உறுத்தியது அந்தச் சீட்டு. "எம்ஆர்ஐ பெல்விஸ்" என்று மட்டும் எழுதி வந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பொதுவான புரோட்டோகால்தான், அதாவது படம் எடுக்கும் வரிசைதான், ஓடும். அது இடுப்பு எலும்பு முதல் நிணநீர் முடிச்சு வரை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்க வைத்திருப்பது. சட்டகம், அதாவது படத்துக்குள் அடங்கும் பரப்பு, பெரியது; ஒவ்வொரு துண்டும் 5, 6 மில்லிமீட்டர் தடிமன். உங்கள் தங்கையிடம் தேட வேண்டியது என்ன? கருப்பை வாயின் பின்னாலிருந்து முதுகெலும்பின் அடிப்பகுதியை நோக்கி இரண்டு பக்கமும் மெல்லிய பட்டையாக ஓடும் தசைநார்கள் உண்டு, யூட்ரோசேக்ரல் லிகமென்ட் என்போம். ஆழமாகப் பரவும் எண்டோமெட்ரியோசிஸ் அடிக்கடி உட்காரும் இடம் அது. அங்கே சில மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால், 6 மில்லிமீட்டர் துண்டுக்குள் பக்கத்துக் கொழுப்போடு கலந்து கரைந்துபோகும். ரிப்போர்ட் எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், படத்தில் இல்லாததை எங்கிருந்து எழுதுவார்?

இதையே எண்டோமெட்ரியோசிஸுக்கு என்று தெரிந்து எடுத்தால் சட்டகத்தைச் சுருக்குவோம், துண்டை 3 அல்லது 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவோம். நேராக எடுக்கும் படங்களோடு கருப்பை வாய்க்குச் செங்குத்தாகச் சாய்த்து ஒரு தொடரும் எடுப்போம். அந்தச் சாய்வில்தான் அந்தப் பட்டைகள் இரண்டும் முழு நீளத்துக்கு ஒரே படத்தில் விரிந்து தெரியும். ஆகவே டாக்டரிடம் திரும்பப் போய், நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்" என்று ஒரு வரி போதும். கூச்சப்பட வேண்டாம். எந்த டாக்டரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது குடல். கை காலை ஆட்டாமல் படு என்றால் நோயாளி படுத்துவிடுவார். குடல் யார் பேச்சையும் கேட்காது. இந்த நோய்க்கு முக்கியமானது டி2 என்கிற வகைப் படம். அதில் ஒரு தொடர் எடுக்க மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்கச் சேர்கிற சிக்னலை வைத்துத்தான் ஒவ்வொரு துண்டும் உருவாகிறது. நடுவில், மலக்குடலுக்கு மேலே இருக்கும் சிக்மாய்டு குடல் ஒருமுறை சுருங்கி விரிந்தால்கூட அதன் சுவர் இரட்டைக் கோடாகிவிடும், அந்தக் கலங்கல் பக்கத்தில் இருக்கும் கருப்பையின் பின்சுவர் மேலும் ஏறும். வெறும் வயிறு கேட்பது இதற்காகத்தான். மூன்று முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வந்தால் குடல் அடங்கியிருக்கும். அதோடு வைகைக்கரை சொன்ன ஊசி. ஹையோசின் பியூட்டைல்புரோமைடு என்பது மருந்தின் பெயர், பஸ்கோபான் என்றால் பலருக்கும் தெரியும். வழக்கமாக 20 மில்லிகிராம் போடுவார்கள். நரம்பில் போட்டால் அதன் வேகம் கால் மணி நேரத்தைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் ஊசி உள்ளே போனதும் டி2 படங்களைத்தான் நான் முதலில் ஓட்டுவேன். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு டி2 எடுத்தால் ஊசி போட்டும் பயனில்லை. உங்கள் தங்கைக்குக் குறுகிய கோணக் கண் அழுத்த நோய், இதயப் படபடப்பு, மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய், சிறுநீர் அடைப்பு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அப்போது ஊசி போட மாட்டார்கள். போட்ட பிறகு சிறிது நேரம் பார்வை மங்கலாக இருக்கலாம். அன்றைக்கு அவள் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், நீங்கள் கூடப் போங்கள்.

மலச்சிக்கல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மலக்குடலில் காற்றும் மலமும் தேங்கியிருந்தால் சுற்றியிருக்கும் இடம் நெளிந்து தெரியும். சில இடங்களில் முதல் நாள் இரவே மலமிளக்கி கொடுப்பார்கள், சில இடங்களில் கொடுக்க மாட்டார்கள். இரண்டும் நடைமுறையில் உண்டு.

சிறுநீர்ப்பைக்கு அந்தத் தண்ணீர் பாட்டில் வேண்டாம். பாதி நிறைந்திருந்தால் நல்லது. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு, அதன் பிறகு நிறைய தண்ணீர் குடிக்காமல் வந்தால் அந்த அளவு தானாக வரும். முட்ட முட்ட இருந்தால் அரை மணி நேரம் அசையாமல் படுக்கவே முடியாது. முழுக்கக் காலியாக இருந்தால் அதன் சுவர் மடிந்து கிடக்கும், முன்பக்கம் இருக்கும் சின்னத் தடிப்புகள் அந்த மடிப்பில் மறைந்துவிடும்.

மூச்சு விடும்போது வயிற்றின் முன்பக்கக் கொழுப்பு ஏறி இறங்கும். அந்த அசைவு படத்தில் கோடு கோடாகக் கருப்பையின் குறுக்கே விழும். அதைத் தடுக்க, அந்தக் கொழுப்பிலிருந்து சிக்னல் வராமல் அடக்கும் ஒரு பட்டையை முன்வயிற்றின் மேல் நாங்கள் கம்ப்யூட்டரில் போடுவோம். சிக்னலை வாங்கும் காயில் என்ற கருவியையும் வயிற்றோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவோம். இறுக்கமாக இருக்கிறதே என்று அவள் பயப்பட வேண்டாம். மூச்சை ஆழமாக இழுக்காமல், தூங்குகிறபோது விடுவது போல மெதுவாக விட்டால் போதும்.

ரத்தம் சம்பந்தப்பட்ட படம் ஒன்று பாக்கி இருக்கிறது. டி1 என்ற வகையில், கொழுப்பின் சிக்னலை அடக்கி ஒரு தொடர், அடக்காமல் ஒரு தொடர் என இரண்டு எடுக்க வேண்டும். பழைய ரத்தமும் டி1-ல் வெள்ளையாக ஒளிரும், கொழுப்பும் ஒளிரும். கொழுப்பை அடக்கியதும், கொழுப்பு இருக்கும் டெர்மாய்டு கட்டி கறுத்துவிடும், சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி வெள்ளையாகவே நிற்கும். கடுகளவு ரத்தத் திட்டுகள்கூட அந்த இருட்டில் பளிச்சென்று தெரியும். இதற்குப் பதில் ஸ்டிர் என்கிற முறையில் கொழுப்பை அடக்கினால் சில நேரம் ரத்தத்தின் சிக்னலும் சேர்ந்து அடங்கிவிடும், அதனால் அது இதற்கு மாற்று இல்லை. நீங்கள் சென்டரில் இதையெல்லாம் விவாதிக்க வேண்டாம். சீட்டில் நோயின் பெயர் இருந்தால் விஷயம் தெரிந்த இடத்தில் தானாகச் செய்துவிடுவார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து எண்டோமெட்ரியோசிஸுக்காகப் பொதுவாகத் தேவைப்படாது. சினைப்பையில் சந்தேகமான கட்டி ஏதாவது தெரிந்தால்தான் அது வேண்டியிருக்கும்.

கட்டணம் பாரமாக இருந்தால், அரசு மருத்துவமனை வளாகங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் விசாரியுங்கள், தனியாரைவிடக் குறைவு. சீட்டு தெளிவாக இருக்க வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

ஒலியலை

நான் ரேடியாலஜி மருத்துவர், பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பவன். மேலே எழுதியவர் எம்ஆர்ஐ பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் உங்கள் பழைய ஸ்கேன்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நார்மல்களை வைத்துத்தான் வீட்டில் அவளை நம்பாமல் இருக்கிறார்கள்.

வயிற்றின் மேல் வைக்கும் புரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். அலைவரிசை குறைந்தால் ஒலி ஆழமாகப் போகும், நுணுக்கம் குறையும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் புரோப் 5 முதல் 9 வரை போகும். பார்க்க வேண்டிய உறுப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்திலேயே இருப்பதால் ஆழம் தேவையில்லை, நுணுக்கம் கிடைக்கும். வயிற்றின் மேலிருந்து பார்த்தால் ஓரளவு பெரிய சாக்லேட் கட்டியைப் பிடிக்கலாம். மலக்குடல் சுவரிலும் அந்தத் தசைநாரிலும் இருக்கும் முடிச்சை அப்படிப் பிடிப்பது மிகக் கடினம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்திருந்தால் கருப்பை இன்னும் பின்னால் தள்ளப்பட்டு படம் மேலும் மோசமாகும். ஆக, உங்களிடம் இருக்கும் ரிப்போர்ட்டுகள் சொல்வது இவ்வளவுதான்: பெரிய கட்டி எதுவும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று அவை சொல்லவில்லை. இதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நோய்க்காகவே செய்யும் அல்ட்ராசவுண்ட் தனி. ஐடியா என்ற சர்வதேசக் குழு 2016-ல் அதற்கு நான்கு படி வகுத்துக் கொடுத்தது. முதலில் கருப்பை, சினைப்பை. பிறகு எந்த இடத்தில் தொட்டால் வலிக்கிறது, சினைப்பை நகர்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, கருப்பை வாயைப் புரோபால் மெதுவாகத் தள்ளி, அதன் பின்னால் மலக்குடல் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா என்று பார்ப்பது. நகர்ந்தால் அங்கே ஒட்டுதல் இல்லை என்று எண்ணலாம். இரண்டும் ஒன்றாகவே போனால் ஒட்டியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கடைசியில் முன்பக்கமும் பின்பக்கமும் முடிச்சுகளைத் தேடுவது. அசைவைப் பார்ப்பதுதான் இதன் பலம். நின்றுபோன படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது கிடைக்காது. இதற்கு நேரமும் பழக்கமும் வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது ஐந்து நிமிடத்தில் இதைச் செய்ய முடியாது. அதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான்.

கல்யாணம் ஆகவில்லை என்பதால் மேலாக மட்டும் பார்ப்பது என்ற வழக்கம் பற்றி. உறவு கொண்ட பழக்கம் இல்லாத பெண்ணுக்கு உள் ஸ்கேன் செய்யாமல் விடுவது சரிதான். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடக் கூடாது. அதே புரோபை ஆசனவாய் வழியாக வைத்துப் பார்க்க முடியும், பின்பக்க முடிச்சுகள் அதில் நன்றாகவே தெரியும். அவளுக்குத் தனியாக விளக்கி, அவள் சம்மதித்தால் மட்டுமே. வேண்டாம் என்றால் எம்ஆர்ஐ இருக்கிறது. உங்கள் டாக்டர் எம்ஆர்ஐ எழுதியது நல்ல முடிவு.

உலகில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தெருவிலேயே சிலருக்கு இருக்கும். அவர்களும் நார்மல் ரிப்போர்ட்டோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஈரோட்டு அக்கா

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டாக்டரிடம் போனேன், சிரித்துக்கொண்டே சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார். 1.5 டெஸ்லா இருக்கும் சென்டரில் ரிசப்ஷன் பெண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் டெக்னீஷியனிடம் போனைக் கொடுத்தார். அவர் உடனே "எண்டோவா? வெறும் வயிறு, ஊசி உண்டு" என்றார். அங்கேயே தேதி வாங்கிவிட்டேன்.

ஒலியலை டாக்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தங்கைக்குத் தானே வெந்நீர்ப் பை எடுத்துக்கொண்டு போனார்.

இன்னும் சில சந்தேகம். அவள் இடுப்பில் குலதெய்வம் கோயிலில் கட்டிய தாயத்து இருக்கிறது, கழற்றக் கூடாது என்று அம்மா சொல்கிறார். லிஃப்ட்டில் போகவே பயப்படுகிறவள், அந்தக் குழாய்க்குள் எப்படிப் படுப்பாள் என்று கவலை. தேதியும் மாதவிடாய் நாளை ஒட்டி வருகிறது, மாற்ற வேண்டுமா?

காந்த அறை

தாயத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும்மா. நாங்கள் படம் எடுக்கும் இடமே இடுப்புதான், உலோகம் எதுவாக இருந்தாலும் அந்த இடம் கறுத்து வளைந்துவிடும். இரும்பு கலந்திருந்தால் ஆபத்தும் கூட. தினமும் யாராவது இதைக் கேட்கிறார்கள். கழற்றியதை அம்மா கையிலேயே கொடுத்து, கதவுக்கு வெளியே அவரை உட்காரச் சொல்லுங்கள், முடிந்ததும் அவரே கட்டிவிடட்டும். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஊக்கு, ஹேர்பின், மெட்டி, கொலுசு, பட்டிகளில் கொக்கி வைத்த உள்ளாடை, ஜரிகை வைத்த துணி எதுவும் வேண்டாம். உடுப்பு அங்கேயே கொடுப்பார்கள்.

பயத்துக்கு ஒரு வழி உண்டு. இடுப்புப் படத்துக்குக் கால்களை முதலில் உள்ளே விட்டு எடுக்கலாம். தலை குழாயின் வாய்ப்பக்கம் வந்துவிடும், அவள் அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டே படுக்கலாம். எல்லா மெஷினிலும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேளுங்கள். கையில் ஒரு ரப்பர் பல்ப் கொடுப்போம், அழுத்தினால் உடனே வந்துவிடுவோம். சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். உள்ளே போவதற்கு முன் ஒவ்வொரு சத்தமும் எவ்வளவு நேரம் என்று சொல்லச் சொல்லுங்கள். இப்போது நான்கு நிமிடம், இப்போது மூன்று நிமிடம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனால் பயந்தவர்கள்கூட முழுக்கப் படுத்துவிடுகிறார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தேதி பற்றி: எண்டோமெட்ரியோசிஸ் தேடுவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே மாதிரித் திசு கருப்பைச் சுவருக்குள் வளரும் அடினோமயோசிஸும் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க நினைத்தால், உதிரம் போகும் நாட்களில் கருப்பையின் உள் அடுக்கு இயல்பாகவே தடித்துத் தெரியும், குழப்பும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வாந்தியோடும் அந்த வலியோடும் அரை மணி நேரம் அசையாமல் படு என்றால் அவள் பாவம். சில நாள் தள்ளி வாங்குங்கள்.

ஈரோட்டு அக்கா

தள்ளி வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன், கேட்கவே பயமாக இருக்கிறது. இவ்வளவும் செய்து எடுத்து, அதிலும் நார்மல் என்று வந்தால்?

ஒலியலை

வரலாம். வயிற்று உறையின் மேல் மெல்லியதாகப் படர்ந்திருக்கும் எண்டோமெட்ரியோசிஸ் எந்தப் படத்திலும் சரியாகத் தெரியாது. ஆழமாக ஊடுருவியது, சினைப்பையில் கட்டியானது, ஒட்டியிருப்பது, இவைதான் படத்தில் தெரியும். ஐரோப்பாவின் மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம், எஷ்ரே, 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இது தெளிவாக இருக்கிறது: படம் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அறிகுறிகள் பொருந்தினால், வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்தும் வரை காத்திருக்காமல் வலி மருந்தும் ஹார்மோன் மருந்தும் தொடங்கலாம். அப்போதும் வலி அடங்கவில்லை என்றால் லேப்ராஸ்கோப்பி பற்றிப் பேசுவார்கள். ஆக நார்மல் வந்தாலும் அவளுக்கு வைத்தியம் உண்டு. அவளை இன்றே அந்தப் பயத்திலிருந்து விடுவித்துவிடுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசி வரிக்குப் போகாமல் உள்ளே படியுங்கள். யூட்ரோசேக்ரல் லிகமென்ட், மலக்குடல் சுவர், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளம், சிறுநீர்ப்பைச் சுவர், சினைப்பைகள் என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். வெறுமனே கருப்பை அளவும் சினைப்பை அளவும் எழுதி நார்மல் என்று முடித்திருந்தால், தேட வேண்டியதைத் தேடினார்களா என்பது அதிலிருந்து தெரியாது. அப்போது அந்த சிடியை எண்டோமெட்ரியோசிஸ் அதிகம் பார்க்கும் ஒரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து இரண்டாவது முறை படிக்கச் சொல்லலாம். படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதே இருக்காது. சிடி வாங்கியதும் வீட்டுக்கு வருவதற்கு முன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு எல்லாத் தொடரும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலியான சிடியோடு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.